சக்கிமுக்கித் துப்பாக்கி சுடவில்லை என்றால்: முதல் கிட்டில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் துப்பாக்கிகளுக்கென்றே 1974 முதல் தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே என் பட்டறை மேசைக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் கிட், அதாவது நாமே பொருத்திச் செய்ய வேண்டிய பாகங்களின் தொகுப்பு, வாங்கி, மாதக்கணக்கில் உளியும் அரமுமாக உட்கார்ந்து செய்த முதல் துப்பாக்கிகள். பலவற்றைக் கல்லைத் திருப்பி வைத்தே சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் என்னிடம் வருவதற்குள் சிலர் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள், ஸ்பிரிங்கைத் தேய்த்திருப்பார்கள். கல்லை இன்னொரு முறை திருப்பிவிடலாம். தேய்த்த இரும்பு திரும்பி வராது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

பெயர்களை முதலில் ஒத்துக்கொள்வோம். கல்லைக் கவ்வியிருப்பது குதிரை. கல் வந்து உரசும் எஃகுத் தகடு ஃபிரிஸன். அதுவே கிண்ணத்தின் மூடியும். கிண்ணத்தில் இடுவது பற்றுமருந்து, குழலுக்குள் இடுவது சுடுமருந்து. கிண்ணத்திலிருந்து குழலுக்குத் தீ போகும் சிறு துளை பற்றுவாய். குதிரை, ஸ்பிரிங்குகள், ஃபிரிஸன் எல்லாம் பொருந்திய தகட்டோடு சேர்ந்த முழுத் தொகுதி பூட்டு. பூட்டும் குழலும் உட்காரும் மரம் கட்டை. சுட விரலால் இழுப்பது விசை. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்துவது அரைக் குதிரை, முழுக்க இழுத்தால் முழுக் குதிரை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் குழல் காலியா என்று பாருங்கள். மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இறக்கிக் கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, குழலின் முன்வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பற்றுவாய் வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குழல் காலியாக இருக்கும்போது கோலில் ஒரு கோடும், சரியாகக் கெட்டித்த பிறகு இன்னொரு கோடும் போட்டுவைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

அறிகுறி 1: குதிரை விழுகிறது, பொறி வரவில்லை அல்லது மங்கலான ஒன்றிரண்டு பொறிகள் மட்டும் வருகின்றன

முதலில் துடையுங்கள். புதிய ஃபிரிஸன் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் அப்படியே இருக்கும். ஆல்கஹால் நனைத்த துணியால் ஃபிரிஸன் முகத்தையும் கல்லின் விளிம்பையும் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். பல துப்பாக்கிகளின் வைத்தியம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது கல். விளிம்பை நகத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் சுரண்ட வேண்டும். வழுக்கினால் கூர் போய்விட்டது. கல் நேராக இருக்கிறதா என்று பார்க்க, காலித் துப்பாக்கியில் குதிரையை அரைக் குதிரையில் நிறுத்தி ஃபிரிஸனை மூடுங்கள். கல்லின் விளிம்பு ஃபிரிஸனைத் தொட்டும் தொடாமலும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டு நின்றால் அந்த மூலை மட்டுமே உரசும்.

இனி ஃபிரிஸன் முகத்தில் விழுந்த கீறல்களைப் படியுங்கள். இந்த வேலையில் நான் மிகவும் நம்பும் சாட்சி அதுதான். கீறல் மேலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கி, முழு அகலத்துக்கும் கீழ்வரை இறங்கியிருந்தால் கல் சரியாக இருக்கிறது. பாதிக்குக் கீழே தொடங்கினால் கல் தாழ்வாக அடிக்கிறது. கல்லின் சாய்ந்த முகம் மேலே இருந்தால் கீழாக, கீழே இருந்தால் மேலாகத் திருப்பிப் போடுங்கள். எந்தப் பக்கம் சரி என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு பூட்டுக்கும் அது மாறும்.

கல்லைச் சுற்றித் தோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் இரும்புத் தாடையில் கல் நிற்காது. தோலின் மடிப்பில் சிறு துளை வெட்டி, கல்லின் முதுகு குதிரையின் திருகில் முட்டும்படி வைத்தால் அடிக்க அடிக்கப் பின்னால் நகராது. புதிய தோல் முதல் சில சுடுகளில் நசுங்கும். நான்கைந்து முறை சுட்டதும் திருகை மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் ஃபிரிஸனின் கடினத்தைச் சந்தேகிக்கலாம். நல்ல அரத்தின் ஓரத்தை ஃபிரிஸனின் மூலையில், கல் படாத இடத்தில், லேசாக ஓட்டுங்கள். வழுக்கிப் போனால் கடினம் போதும். கடித்தால் எஃகு மென்மையாக இருக்கிறது. மென்மையான ஃபிரிஸனில் கல் ஆழமாகப் பள்ளம் போடும், பொறி மந்தச் சிவப்பாக வந்து உடனே அணையும். பொறி என்பது கல் செதுக்கி எடுக்கும் எஃகுத் துகள்தான். நல்ல ஃபிரிஸனில் அது வெண்மஞ்சளாகப் பறந்து கிண்ணத்தில் சற்று நேரம் சீறும்.

ஃபிரிஸனை மறுபடி கடினமாக்குவது வீட்டில் முடியாத வேலை இல்லை. ஆனால் முதல் துப்பாக்கியில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது அல்ல. உயர்கரி எஃகாக இருந்தால் காந்தம் ஒட்டாமல் போகும் வரை சூடேற்றி, எண்ணெயில் முக்கி, பிறகு 190 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்த வேண்டும். பதப்படுத்தாமல் விட்டால் முதல் நாளே உடையும். மென்கரி எஃகாக இருந்தால் இந்த முறையே பலிக்காது. மேற்பரப்பில் கரி ஏற்ற வேண்டும். எந்த எஃகு என்று பூட்டைச் செய்தவரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களிடமே திருப்பி அனுப்புவதுதான் மலிவு.

அறிகுறி 2: நிறையப் பொறி பறக்கிறது, கிண்ணம் பற்றவில்லை

மருந்தைப் பாருங்கள். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்பவை. சக்கிமுக்கிப் பொறிக்கு அவை பெரும்பாலும் மசியாது. கிண்ணத்துக்கும் குழலுக்கும் உண்மையான கருமருந்தே வேண்டும். கிண்ணத்துக்கு 4 எஃப் என்ற நுண்மணி மருந்து, மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நிரம்பினால் போதும்.

ஈரம் அடுத்த காரணம். எரிந்த கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூடுபனி நாளில் இரண்டாவது சுடுக்குள் கிண்ணத்தில் கறுப்புக் கூழ் சேர்ந்துவிடும். ஒவ்வொரு சுடுக்குப் பிறகும் கிண்ணம், ஃபிரிஸன், கல் மூன்றையும் உலர்ந்த துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மருந்தும் உலர்ந்திருக்கிறது என்றால், பொறி எங்கே விழுகிறது என்று இருட்டறையில், மருந்தே இல்லாமல் தட்டிப் பாருங்கள். கைபேசியின் மெதுவோட்டப் படம் இதற்கு அருமையான உதவி. குதிரை முழுக்க விழுந்து நிற்கும்போது கல்லின் விளிம்பு கிண்ணத்தின் நடுவை நோக்கியிருக்க வேண்டும். பொறி கிண்ணத்துக்கு முன்னால் விழுந்தால் கல்லை மாற்றிப் போடுங்கள், நீளம் வேறான கல்லைப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குதிரையின் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கும். அது கொல்லர் வேலை. வார்ப்புக் குதிரையைக் குளிராக வளைத்தால் முறியும்.

அறிகுறி 3: கிண்ணம் எரிகிறது, குழல் சுடவில்லை

துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். குழலைக் குறியை நோக்கியே ஒரு முழு நிமிடம் வைத்திருங்கள். உள்ளே மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள்.

நிமிடம் முடிந்ததும் குழல் குறியை நோக்கியபடியே, மெல்லிய கம்பியால் பற்றுவாயைக் குத்தி விடுங்கள். உள்ளே சுடுமருந்து மணியாகத் தட்டுப்பட வேண்டும். மறுபடி பற்றுமருந்து இட்டுச் சுடுங்கள். பெரும்பாலும் சுட்டுவிடும்.

அடிக்கடி இப்படி ஆகிறது என்றால், முதல் காரணம் எண்ணெய். மூலையில் நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் குழலின் எண்ணெய் எல்லாம் அடிப்பக்கம் இறங்கி, பற்றுவாயிலும் அதன் உள்வாயிலும் தேங்கும். முதல் சுடு மட்டும் தவறி, பிறகு சரியாகிற துப்பாக்கிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். வைக்கும்போது குழலின் முன்வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். சுடும் நாளில் ஆல்கஹால் துணி ஒன்று, உலர்ந்த துணி இரண்டு குழலுக்குள் விட்டு எடுங்கள். பிறகு இந்தச் சோதனை: காலிக் குழலில் உலர்ந்த துணியைக் கோலோடு அடிவரை இறக்கி அங்கேயே விட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, பற்றுமருந்தை மட்டும் எரியுங்கள். துணியை வெளியே எடுத்தால் அதில் ஒரு கருகிய புள்ளி இருக்க வேண்டும். புள்ளி இருந்தால் வழி திறந்திருக்கிறது. இல்லையென்றால் அடைப்பு.

அடைப்பு பற்றுவாயில் இல்லாமல் அடிக்குழலிலும் இருக்கலாம். சில கிட் குழல்களில் அடிப்பகுதி ஒரு குறுகிய அறையாகச் சுருங்கும். சாதாரணத் துடைக்கும் முனை அதற்குள் போகாது. கசடு அங்கேயே அடைந்துகொள்ளும். உங்கள் குழல் அந்த வகை என்றால் சிறு விட்டத் தூரிகை ஒன்று தனியாக வாங்குங்கள்.

இவை தீர்ந்த பிறகே துளையின் அளவைப் பற்றி யோசிக்கலாம். வழக்கமான பற்றுவாய் 1/16 அங்குலம், அதாவது 1.6 மி.மீ. அதைவிடச் சிறிதாக இருந்தாலோ, எல்லாம் சரியாக இருந்தும் தவறினாலோ, துளைமுனையைக் கையால் சுழற்றி, ஒரு நேரத்தில் ஒரு அளவு மட்டும் கூட்டி, ஒவ்வொரு முறையும் சுட்டுப் பாருங்கள். 5/64 அங்குலத்தில், 2 மி.மீ. அளவில், நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பக்கவாட்டில் பீறிடும் தீ பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டைச் சுடும்.

துளை, குழலின் பின்முனையை அடைக்கும் அடித்திருகின் மரைக்குள் போயிருக்கிறது என்று கம்பி முட்டும் விதத்தில் தெரிந்தால், கையை எடுத்துவிடுங்கள். அங்கே துளைப்பதும், பற்றுவாய்க்கு உட்கூம்புள்ள புதிய திருகுச்செருகி போடுவதும் குழலின் பலத்தைத் தொடும் வேலை. துப்பாக்கிக் கொல்லரிடம் போங்கள்.

அறிகுறி 4: வெடிக்கிறது, ஆனால் தாமதமாக

'உஸ்... டொம்' என்று இரண்டு சத்தம் தனித்தனியாகக் கேட்டால், தீ துளைக்குள் பாயாமல் திரிபோல ஊர்ந்து போகிறது. பற்றுவாய்க்குள்ளேயே பற்றுமருந்தைத் திணிக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். மருந்து துளைக்கு அருகில் இருக்கட்டும், துளையை அடைக்க வேண்டாம். சிலர் கெட்டிக்கும்போது பறவை இறகின் தண்டைப் பற்றுவாயில் செருகிவைத்து, பற்றுமருந்து இடும் முன் உருவுவார்கள். எளிய வழி, நன்றாக வேலை செய்கிறது.

கிண்ணத்தின் விளிம்பு மட்டத்தில் பற்றுவாயின் மையம் அமைய வேண்டும் என்பது மரபு. உங்களுடையது சற்று மேலோ கீழோ இருந்தால் அதற்காகத் துளையை அடைத்து மறுபடி துளைக்கப் புறப்படாதீர்கள். அந்த இடம் மாறியதால் கெட்ட துப்பாக்கியைவிட, அதைத் திருத்தப் போய்க் கெட்ட துப்பாக்கிகளையே அதிகம் கண்டிருக்கிறேன்.

அறிகுறி 5: பூட்டு கையில் நன்றாக வேலை செய்கிறது, கட்டைக்குள் போட்டால் மந்தமாகிறது

கிட் துப்பாக்கிக்கே உரிய கோளாறு இது. என் முதல் துப்பாக்கி இதில்தான் இரண்டு வார இறுதிகளைத் தின்றது. வளையல் வளையலாகக் கோடோடிய மேப்பிள் கட்டையில், பூட்டு உட்காரும் குழியை நான் மிக இறுக்கமாக வெட்டியிருந்தேன். அழகாகப் பொருந்தியது. குதிரை மட்டும் தூங்கி விழுந்தது.

பூட்டைப் பிடிக்கும் பக்கத் திருகுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். உடனே குதிரை சுறுசுறுப்பானால், இறுக்கியபோது தகடு வளைந்து உள்ளுறுப்புகளை நெரித்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மரத்தில் உரசுகிறது. எது என்று கண்டுபிடிக்கச் சிம்னி விளக்கின் புகைக்கரியோ உதட்டுச்சாயமோ போதும். இரண்டாவதைத்தான் இங்கே பல கைவினைஞர்கள் வைத்திருக்கிறார்கள்; சுத்தமாகத் தடம் காட்டும். அரைக் குதிரையில் நிறுத்தி, திருகுகளைச் சில சுற்று தளர்த்தி, திருகுத் தலைகளை லேசாகத் தட்டிப் பூட்டைக் கழற்றுங்கள். நெம்பாதீர்கள், விளிம்பு மரம் பெயரும். பெரிய ஸ்பிரிங்கின் கீழ்ப்புறம், சுழலும் பல்துண்டின் ஓரம், விசையோடு சேரும் கொக்கியின் நுனி ஆகிய மூன்றிலும் சாயம் பூசி, மறுபடி பொருத்தி, குதிரையை இழுத்து விட்டுக் கழற்றினால் மரத்தில் எங்கே சாயம் ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும், மெல்லிய சீவலாக எடுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு சோதனை.

குழலை ஒட்டி நிற்க வேண்டிய பூட்டின் தடித்த பகுதியைச் சீவலுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் பற்றுமருந்து அதில் இறங்கி மரத்தை எரிக்கும். குழியின் அடி மரம் பூட்டைத் தடுத்து நிறுத்துவதால் வருவது அது. இரும்பைத் தேய்த்து இதைச் சரிசெய்ய முடியாது. மரத்தில்தான் எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் மந்தமாகிறது என்றால், குழிக்குள் வெறும் மரம் ஈரம் குடித்து உப்புகிறது. உட்புறத்துக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். முகத்தை மெருகேற்றிவிட்டு உள்ளே மறந்துபோவது எல்லோரும் செய்வது.

அறிகுறி 6: முழுக் குதிரையில் நிற்கவில்லை, அல்லது அரைக் குதிரையில் சிக்குகிறது

இது சரியாகும்வரை இந்தத் துப்பாக்கியில் மருந்து போடவே கூடாது.

நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. விசைத் தகட்டின் திருகை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். குதிரை இப்போது நிற்கிறது என்றால், விசையின் மேல்விளிம்பு எப்போதும் கொக்கியை அழுத்திக்கொண்டிருக்கிறது. விசையின் மேல்விளிம்பைத் துளித் துளியாகத் தேய்க்கலாம். விசையைத் தொடாதபோது லேசான ஆட்டம் இருக்க வேண்டும். இரண்டாவது: கொக்கியின் நுனி மரத்தில் முட்டி நிற்கிறதா என்று மேலே சொன்ன சாயத்தால் பாருங்கள்.

இரண்டு விசைகள் உள்ள இரட்டை விசைத் துப்பாக்கியில், சுடும்போது குதிரை வழியில் அரைக் குதிரைப் பல்லில் சிக்கினால், அந்தப் பல்லைத் தாண்டவைக்கும் சிறு தட்டு உள்ளே இல்லை அல்லது கசடில் ஒட்டிக்கொண்டது. பூட்டைத் திறந்து சுத்தம் செய்யும்போது அந்தத் துணுக்கு கீழே விழுந்து தொலைவது சகஜம். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள்.

இரண்டு சோதனைகளும் தீர்வு தரவில்லை என்றால், காலித் துப்பாக்கியில் முழுக் குதிரையில் நிறுத்திக் கட்டைவிரலால் குதிரையை முன்னால் தள்ளுங்கள். நழுவினால் பூட்டைக் கழற்றி, கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள். கொக்கியின் நுனியையும் பல்லையும் அரத்தால் தொடவே தொடாதீர்கள். அந்த இரண்டு முகங்களின் கோணம்தான் நீங்கள் எண்ணாதபோது துப்பாக்கி சுடாமல் தடுப்பது.

அறிகுறி 7: ஐந்தாறு சுடிலேயே கல் உடைகிறது

ஒரு நல்ல கல் இருபது சுடுக்கு மேல் சாதாரணமாகத் தாங்கும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லும் பிரான்சின் தேன்நிறக் கல்லும் இரண்டுமே நன்றாக உழைப்பவை. கல் அதற்கு முன்பே நொறுங்கினால் ஃபிரிஸன் ஸ்பிரிங் மிகக் கடுமையாக இருக்கலாம். துப்பாக்கியைக் குலுக்கினால் மூடி திறக்காத அளவு பிடிப்பு போதும். ஃபிரிஸன் திறந்து, மறுபடி குதித்து வந்து கல்லின் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங்கை மெலிதாக்க நினைத்தால் முதலில் மாற்று ஸ்பிரிங் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அங்கேதான் ஒடியும். கல் இல்லாமல் குதிரையைத் தட்டிப் பழகாதீர்கள். கல் அளவுக்கு ஒரு மரத்துண்டு செதுக்கிக் கவ்வவைத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம்.

அறிகுறி 8: மருந்தில்லாமல் குண்டை இறக்கிவிட்டேன்

எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கும். பற்றுவாய் வழியாகச் சிறிது 4 எஃப் மருந்தைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்புங்கள். பிறகு கோலால் குண்டை அழுத்தி, அது மருந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். நடுக்குழலில் நிற்கும் குண்டைச் சுட்டால் குழல் உப்பிவிடும். கோலை வெளியே எடுத்த பின், குறித்திடலில், பாதுகாப்பான பக்கம் சுடுங்கள். கரியமில வாயு அடைத்த சிறு கருவி வைத்துப் பற்றுவாய் வழியாக ஊதித் தள்ளுவது இன்னும் நல்லது. குண்டு பாதியில் சிக்கி நகரவே இல்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள்; கொல்லரிடம் போங்கள்.

அறிகுறி 9: குண்டு ஓரிடத்தில் விழவில்லை

குண்டைச் சுற்றிக் கெட்டித்த துணி சுட்டபின் தரையில் விழும், அதைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிழிந்தோ கருகியோ இருந்தால் துணி மெலிது, அல்லது புதிய குழலின் உட்புறத்தில் வெட்டிய வரிகள் இன்னும் கூராக இருக்கின்றன. தடித்த துணி, முதல் ஐம்பது சுடு பொறுமை. துணி முழுசாக இருந்தும் சிதறினால், குழலின் பின்முனையில் நீளும் அடித்தண்டின் திருகையும் குழலைக் கட்டையோடு பிடிக்கும் ஊசிகளையும் பாருங்கள். ஊசி நுழைவதற்காகக் குழலின் அடியில் இருக்கும் கொளுவியில் ஊசித்துளை நீளவாக்கில் சற்று ஓடியிருக்க வேண்டும். மரம் ஈரத்தால் நீளும், சுருங்கும். துளை வட்டமாகவே இருந்தால் பருவத்துக்குப் பருவம் குறி இடம் மாறும். பார்வைக் குறியை இதற்கெல்லாம் பிறகு தொடுங்கள்.

அறிகுறி 10: குழலின் அடிப்பக்கம் புகை கசிகிறது, மரத்தில் புதிய கருகல், குழலில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு

சோதனை ஏதும் இல்லை. சுடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள், இன்னொரு முறை சுட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டாம். உள்ளே சுடுமருந்து இருந்தால், குழலைக் குறித்திடலை நோக்கியபடியே வைத்து, திடல் பொறுப்பாளரை அழைத்து, வெளியே ஊதித் தள்ளச் செய்யுங்கள். அடித்திருகை நீங்களே கழற்றிப் பார்க்க முயலாதீர்கள். துப்பாக்கியை முழுக் கட்டையோடு, எதையும் பிரிக்காமல், குழல் வேலை தெரிந்த கொல்லரிடம் ஒப்படையுங்கள். எத்தனை அளவு மருந்து போட்டீர்கள், எத்தனை சுடு ஆயிற்று என்பதைக் காகிதத்தில் எழுதிக் கூடவே கொடுங்கள்.